கணைய நொதி மாத்திரை குடலில் வேலை செய்கிறதா என்பதை எதைக்கொண்டு அறிவது?

கேள்வியின் சுருக்கம் இது: நாள்பட்ட கணைய அழற்சியுள்ள தந்தை ஓராண்டாக ஒவ்வொரு வேளை உணவோடும் 25,000 யூனிட் நொதி மாத்திரை ஒன்று எடுத்து வருகிறார். மாத்திரை தொடங்கும் முன் செய்த மல எலாஸ்டேஸ் பரிசோதனையில் (கணையம் சுரக்கும் எலாஸ்டேஸ் என்னும் நொதியை மலத்தில் அளப்பது) ஒரு கிராமுக்கு 62 மைக்ரோகிராம் இருந்தது. அண்மையில் மறுபடி செய்தபோது 58. ஓராண்டு மாத்திரை சாப்பிட்டும் எண் ஏறவில்லையே, அப்படியானால் மருந்து பலன் தரவில்லை என்று பொருளா, பலனை எப்படித்தான் அளப்பது?

முதல் பகுதிக்கு நேராகவே பதில் சொல்லிவிடலாம். இல்லை, அப்படிப் பொருளில்லை. மல எலாஸ்டேஸ் பரிசோதனை மாத்திரையின் பலனை அளக்கவே அளக்காது. இன்று ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் முறை, மனித எலாஸ்டேஸை மட்டும் அடையாளம் காணும் எதிர்ப்பொருள்களைக் கொண்டது. மாத்திரையில் இருக்கும் நொதிகளோ பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அவை அந்த எதிர்ப்பொருளின் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதனால்தான் மாத்திரையை நிறுத்தாமலே இந்தப் பரிசோதனையைச் செய்ய முடிகிறது. நோயைக் கண்டறியும்போது இது பெரிய வசதி, பலனை அளக்கும்போது இதுவே குறை. 200-க்குக் கீழே இருந்தால் கணையச் சுரப்பு குறைந்திருக்கிறது, 100-க்குக் கீழே என்றால் வெகுவாகக் குறைந்திருக்கிறது என்று அது சொல்லும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. வீட்டுக் கிணறு வற்றிப்போனதால் லாரித் தண்ணீர் வாங்குகிறவர், தண்ணீர் போதுகிறதா என்பதை அறியக் கிணற்றுக்குள் கயிறு விட்டுப் பார்ப்பதைப் போன்றது இது. 62-க்கும் 58-க்கும் உள்ள வேறுபாட்டுக்கும் தனிப் பொருள் எதுவும் கிடையாது. மலம் சற்று நீர்த்திருந்தால்கூட அந்த அளவு மாறும்.

கைமோட்ரிப்சின் என்னும் மற்றொரு கணைய நொதியை அளக்கும் மலப் பரிசோதனை இதற்கு நேர்மாறானது. பன்றிக் கணையத்தின் கைமோட்ரிப்சினும் அதில் தென்படும். ஆகவே எண் உயர்ந்திருந்தால் நோயாளி மாத்திரையை எடுக்கிறார், அது குடலின் கடைசிவரை போயிருக்கிறது என்று அறியலாம். ஆனால் போய்ச் சேர்ந்ததை வைத்து, வழியில் அது தன் வேலையைச் செய்தது என்று முடிவு கட்டிவிட முடியாது.

நாம் உண்மையில் அறிய விரும்புவது அந்த வேலையைத்தான். சோற்றோடும் குழம்போடும் உள்ளே போன எண்ணெய், நெய், முட்டை, மீன் ஆகியவற்றின் கொழுப்பு உடைந்து இரத்தத்தில் சேர்ந்ததா, அல்லது அப்படியே வெளியேறியதா என்பதே கேள்வி. புரதத்தையும் மாவுச்சத்தையும் விட்டுவிட்டுக் கொழுப்பையே எல்லாரும் அளப்பதற்குக் காரணம் உண்டு. மாவுச்சத்தை உடைக்க உமிழ்நீரிலும் அமைலேஸ் இருக்கிறது. புரதத்துக்கு இரைப்பையின் பெப்சினும் குடற்சுவரின் நொதிகளும் கைகொடுக்கின்றன. கொழுப்பை உடைக்கும் நொதியான லைபேஸ் இரைப்பையிலிருந்து கிடைப்பது சிறிதளவே. பெரும்பகுதி கணைய லைபேஸையே நம்பியிருக்கிறது. அந்தக் கணைய லைபேஸ்தான் அமிலத்தில் முதலில் கெட்டுப்போவதும், கணையம் நலிந்தால் முதலில் குறைவதும். ஆனால் இயற்கை இங்கே மிகத் தாராளமாக இருப்பு வைத்திருக்கிறது. 1973-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டிமாக்னோவும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு, லைபேஸ் சுரப்பு இயல்பில் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே மலத்தில் கொழுப்பு மிகுதியாகத் தோன்றுகிறது என்று காட்டியது. நொதி மாத்திரைச் சிகிச்சை முழுவதும் இந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது. கணையம் தந்ததை முழுவதுமாக ஈடுசெய்ய வேண்டியதில்லை, அந்தப் பத்தில் ஒரு பங்கை உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும்.

அந்த உரிய இடமும் உரிய நேரமும்தான் சிக்கல். மாத்திரை அட்டையில் அச்சிட்டிருக்கும் 25,000 யூனிட் என்பது குடலில் அளந்த எண் அன்று. ஆய்வகத்தில் ஆலிவ் எண்ணெயைப் பால்போலக் கலக்கி, பித்த உப்புகள் சேர்த்து, 37 டிகிரி வெப்பத்தில், பி.எச். (அமில, கார நிலையைக் காட்டும் அளவு, 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 9 என்னும் காரநிலையில் நொதியைச் சேர்க்கிறார்கள். நிமிடத்துக்கு எவ்வளவு கொழுப்பமிலம் விடுபடுகிறது என்பதை, அதைச் சமன்செய்யத் தேவைப்படும் காரத்தின் அளவைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். லைபேஸுக்கு இதைவிட உகந்த சூழ்நிலை வேறு இல்லை. நம் முன்சிறுகுடலில் பி.எச். 9 ஒருபோதும் இருப்பதில்லை. நலமானவரிடத்தில் உணவுக்குப் பின் அது ஏறத்தாழ 6 அளவில் இருக்கும். கணையம் கெட்டவரிடத்தில் நொதியோடு, அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டும் குறைந்துபோவதால் அதற்கும் கீழே இறங்கும். லைபேஸோ பி.எச். 4-க்குக் கீழே சென்றால் மீளாதபடி அழிந்துவிடுகிறது. அதே குழுவினர் 1977-ல், உறையில்லாத பழைய வகை மாத்திரைகளைக் கொடுத்துக் குடலுக்குள் குழாய் செலுத்தி நீரெடுத்து அளந்தபோது, விழுங்கிய லைபேஸில் ஏறத்தாழ 8 சதவீதமே முன்சிறுகுடலின் முடிவுவரை செயலுடன் வந்து சேர்ந்திருந்தது. புரதத்தை உடைக்கும் கணைய நொதியான டிரிப்சின் அதைவிடத் தாக்குப்பிடித்தது. சுமார் 22 சதவீதம் வந்தது.

இந்த இழப்பைத் தடுக்கவே இன்றைய மாத்திரைகளில் நொதி சிறுசிறு உருண்டைகளாக்கப்பட்டு, அமிலத்தில் கரையாத உறையிடப்படுகிறது. பி.எச். சுமார் 5.5-ஐ எட்டும்போதுதான் உறை கரையும். உருண்டையின் பருமனும் முக்கியம், சுமார் 1.4 மில்லிமீட்டரைவிடப் பெரிதானால் இரைப்பை அதை உணவுக்கூழோடு அனுப்பாமல் பின்தங்க வைத்துவிடும் என்று கண்டிருக்கிறார்கள். உணவு முன்னே போய்விட, நொதி பின்னால் தனியே போவதால் யாருக்கும் பயனில்லை. உருண்டைகள் உணவோடு சேர்ந்தே போனாலும், முன்சிறுகுடல் அமிலமாகவே இருந்தால் உறை உரிய இடத்தில் கரையாமல், கொழுப்பு உட்கிரகிக்கப்படும் பகுதியைப் பெரும்பாலும் தாண்டிய பிறகே திறக்கும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் மரபுநோய் உள்ளவர்களிடத்தில் பி.எச். அளக்கும் கம்பியில்லாக் கேப்ஸ்யூலை விழுங்கச் செய்து பார்த்தபோது, சிறுகுடலின் தொடக்கத்தில் அமிலம் தணிவதற்கு நலமானவர்களைவிட நெடுநேரம் ஆவது தெரிந்தது. இதற்கு மேல், அமிலச் சூழலில் பித்த உப்புகளில் ஒரு பகுதியும் படிந்து பயனற்றுப் போகும். எனவே ஒரே 25,000 யூனிட், ஒருவருடைய குடலில் நன்றாகவும் மற்றொருவருடைய குடலில் அரைகுறையாகவும் செயல்படுவதில் வியப்பில்லை. மருந்தின் தரத்தை ஆய்வகம் சொல்லிவிடும். பலனை அந்தந்த உடலில்தான் அளந்தாக வேண்டும்.

அப்படி அளப்பதற்கு இன்றும் அளவுகோலாக நிற்பது, கேட்பதற்கே அருவருப்பூட்டும் ஒரு பழைய முறை. நெதர்லாந்தின் வான் டி காமர் 1949-ல் மலத்திலுள்ள கொழுப்பை விரைவாக மதிப்பிடும் வேதியியல் முறையை வெளியிட்டார். கோதுமைக்கும், சிறுகுடலைப் பாதிக்கும் சீலியாக் நோய்க்கும் உள்ள தொடர்பை டிக் என்ற மருத்துவர் நிறுவியபோது துணைநின்றதும் இந்த அளவீடுதான். பரிசோதனை நடக்கும் விதம் இது: நோயாளி நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் கொழுப்புள்ள, எடைபோட்ட உணவைச் சில நாட்கள் உண்ண வேண்டும், அதில் தொடர்ந்து 72 மணிநேர மலம் முழுவதையும் ஒரு பொட்டும் விடாமல் சேகரிக்க வேண்டும், குளிரில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். உண்ட கொழுப்பிலிருந்து வெளியேறிய கொழுப்பைக் கழித்து, உண்டதால் வகுத்தால் கிடைக்கும் சதவீதமே கொழுப்பு உட்கிரகிப்பு விகிதம். 100 கிராம் உண்டு 7 கிராமுக்குள் வெளியேற்றினால், அதாவது விகிதம் 93-ஐத் தாண்டினால், இயல்பு. 30 கிராம் வெளியேறினால் விகிதம் 70. மாத்திரை தொடங்கியபின் அது 12 கிராமாகக் குறைந்தால் விகிதம் 88. மாத்திரை 18 கிராம் கொழுப்பை உடலுக்கு மீட்டுத் தந்திருக்கிறது என்று அங்கே துல்லியமாகச் சொல்லலாம். இத்தனை நேரடியான விடையை வேறு எந்தப் பரிசோதனையும் தருவதில்லை என்பதால்தான், இத்தனை தொல்லைக்குப் பிறகும் இது கைவிடப்படவில்லை.

ஆனால் இந்த எண்ணைப் படிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. நம் ஊர் நோயாளிகள் அதில் எளிதாகச் சிக்கக்கூடும் என்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். கணைய நோய் என்றதும் வீட்டில் எண்ணெயைக் குறைத்துவிடுவார்கள். தாளிப்புக்கு ஒரு கரண்டி, தயிருக்குப் பதில் மோர் என்று சமையலே மாறிவிடும். அப்படி நாளுக்கு 40 கிராம் கொழுப்பு மட்டுமே உண்கிறவரின் மலத்தில் 5 கிராம் கொழுப்பு இருந்தால், '7-க்குக் கீழே, இயல்பு' என்று அறிக்கை வந்துவிடும். உண்மையில் அவருடைய விகிதம் 87.5 தான். அவருக்குக் குறை இருக்கிறது, பத்தியம் அதை மறைத்துவிட்டது. உண்ட அளவை எழுதாமல் மலக்கொழுப்பின் கிராமை மட்டும் சொல்லும் அறிக்கை பாதி அறிக்கை. இதற்கு மறுபுறமும் உண்டு. வயிற்றுப்போக்கே கொழுப்பை இழக்கச் செய்யும். நலமானவர்களுக்கு மருந்தால் பேதி உண்டாக்கி அளந்த ஓர் ஆய்வில் மலக்கொழுப்பு நாளுக்கு 14 கிராம் வரை உயர்ந்ததைக் கண்டார்கள். எனவே 7-க்கு மேல் 14 வரை வரும் எண்ணை வைத்துக் கணையத்தையோ மாத்திரையையோ உடனே குற்றம் சொல்லக்கூடாது. ஏதேனும் ஒரு முறை மலத்தைச் சேகரிக்கத் தவறினால், மருந்து உள்ளதைவிட நன்றாக வேலை செய்வதாகக் கணக்குக் காட்டும்.

மருந்துகளுக்கு ஒப்புதல் தரும் ஆய்வுகளில் இந்தப் பிழைகளை அடைப்பதற்காகவே நோயாளிகளை மருத்துவ நிலையத்தில் தங்கவைத்து, எடைபோட்ட உணவு கொடுத்து, சேகரிப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் நீலநிறச் சாயத்தை விழுங்கச் செய்கிறார்கள். மலத்தில் முதல் நீலம் தோன்றுவது முதல் அடுத்த நீலம் தோன்றுவது வரை உள்ளதே கணக்கில் சேரும். அமெரிக்காவில் இந்த மாத்திரைகள் 1938-ன் மருந்துச் சட்டத்துக்கு முன்பிருந்தே புழக்கத்தில் இருந்தவை. பெரும்பாலானவை முறையான ஒப்புதல் இன்றியே பல பத்தாண்டுகள் விற்கப்பட்டன. ஒரு தயாரிப்புக்கும் மற்றொன்றுக்கும் வீரியம் பெரிதும் மாறுபடுவதைக் கண்ட அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2004-ல், எல்லாத் தயாரிப்புகளும் ஆதாரம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும் என்று அறிவித்தது. அதையொட்டி 2009-ல் ஒப்புதல் பெற்ற கிரியான் என்னும் நொதித் தயாரிப்புக்காகச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், வெற்று மாத்திரை எடுத்த நாட்களில் 49 ஆக இருந்த சராசரி உட்கிரகிப்பு விகிதம் நொதி எடுத்த நாட்களில் 89 ஆனது. இந்த இரண்டு எண்களையும் கேள்வி கேட்டவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். பலன் மிகப் பெரிது. ஆனால் கட்டுப்படுத்தப்பட்ட ஆய்விலும் சராசரி 93-ஐ எட்டவில்லை. இயல்பு நிலைக்கு முழுவதுமாகத் திரும்பவில்லை என்பதையே மருந்தின் தோல்வி என்று எடுத்துக்கொண்டால் ஒருவருக்கும் மன நிறைவு வராது.

மூன்று நாள் சேகரிப்புக்கு மாற்றாக வந்தவற்றில் மூச்சுப் பரிசோதனையே எனக்கு அறிவுக்கு இசைந்ததாகப் படுகிறது. கதிரியக்கம் அற்ற கார்பன்-13 அணுவைப் பொதித்த ஒரு கொழுப்பை வெண்ணெய் தடவிய ரொட்டியோடு கொடுக்கிறார்கள். லைபேஸ் அந்தக் கொழுப்பை உடைத்தால்தான் குறியிட்ட கார்பன் உட்கிரகிக்கப்பட்டு, கல்லீரலில் எரிந்து, மூச்சில் கரியமில வாயுவாக வெளிவரும். சுமார் ஆறு மணிநேரம் மூச்சின் மாதிரிகளை எடுத்து எவ்வளவு வெளிவந்தது என்று கூட்டுகிறார்கள். ஸ்பெயினின் சாந்தியாகோ டி கொம்போஸ்தெலாவில் டொமிங்கெஸ் முனியோஸ் குழுவினர் இதைக் கொண்டே, மாத்திரையை உணவுக்கு முன்பு, உணவின் நடுவே, உணவு முடிந்தவுடன் என மூன்று விதமாகக் கொடுத்து ஒப்பிட்டார்கள். முன்பே விழுங்குவது மூன்றிலும் பின்தங்கியது. உணவின் நடுவே பிரித்து எடுப்பது முன்னின்றது. இதன் குறை என்னவென்றால், இரைப்பை மெதுவாகக் காலியாகும் நீரிழிவு நோயாளியிடத்திலும், கல்லீரல் அல்லது நுரையீரல் கெட்டவரிடத்திலும் எண் குறைவாக வரும். அந்தக் குறைவுக்கு லைபேஸ் பொறுப்பாகாது. இரண்டு வகைக் கொழுப்பை ஒருங்கே உண்ணச் செய்து இரத்தத்தில் அளக்கும் முறையும் இருக்கிறது: ஒன்று லைபேஸ் உதவியின்றியே உட்செல்லும் கொழுப்பமிலம், மற்றது உடைந்தால்தான் உட்செல்லும் டிரைகிளிசரைடு. முதலாவது ஏறி இரண்டாவது ஏறாவிட்டால் குற்றம் குடற்சுவரில் இல்லை, லைபேஸ் குறைவில்தான் என்று பிரித்தறியலாம். சிந்தனை அழகானது. ஆனால் இவை இரண்டும் ஆய்வு மையங்களுக்கு வெளியே பரவலாகக் கிடைப்பவை அல்ல.

ஆகவே மருத்துவமனையில் அன்றாடம் நடப்பது, பலனைச் சுற்றுவழியில் அளப்பதே. எடை ஏறுகிறதா, மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்து பீங்கானில் ஒட்டுவது நின்றதா, நாளுக்கு எத்தனை முறை போகிறது என்பவை ஒருபுறம். கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ வைட்டமின்கள், வைட்டமின் கே-யின் நிலையைக் காட்டும் இரத்தம் உறையும் நேரம், ஊட்டநிலையைக் காட்டும் இரத்தப் புரதமான பிரீஅல்புமின், மெக்னீசியம், எலும்பின் அடர்த்தி ஆகியவை மறுபுறம். இவற்றில் இரண்டாம் வகைக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். வயிற்று உபாதை நின்றுவிட்டால் குறை தீர்ந்தது என்று நோயாளியும் மருத்துவரும் நிறைவடைந்துவிடுகிறார்கள். ஆனால் மலம் இயல்பாகத் தோன்றும்போதும் வைட்டமின்கள் தாழ்ந்தே இருக்கக்கூடும். நம் நாட்டில் வைட்டமின் டி குறைவு பொதுவாகவே மிகுதி என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், ஈ-யையும் ஏ-யையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

இனி உங்கள் தந்தையின் நிலைக்கு வருகிறேன். எலாஸ்டேஸை மூன்றாம் முறை செய்ய வேண்டாம். அதற்குப் பதிலாக, மாத்திரை தொடங்கியபோது இருந்த எடையையும் இன்றைய எடையையும், மேற்சொன்ன இரத்தப் பரிசோதனைகளையும் ஒருங்கே வைத்து மருத்துவரிடம் பேசுங்கள். அவை தாழ்ந்திருந்தால் முதலில் எழுப்ப வேண்டிய கேள்வி அளவைப் பற்றியது. 2017-ல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு முக்கிய உணவு ஒவ்வொன்றோடும் 40,000 முதல் 50,000 யூனிட், சிற்றுண்டிக்கு அதில் பாதி என்ற அளவிலிருந்து தொடங்கச் சொல்கிறது. 25,000 அவருக்குப் போதாமல் இருக்கலாம். தாமாக ஏற்றிக்கொண்டே போகக்கூடாது என்பதற்கும் காரணம் உண்டு: 1990-களில் மிக உயர்ந்த அளவில் எடுத்த சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தைகளுக்குப் பெருங்குடல் தழும்பேறிச் சுருங்கிப்போனது, அதன் பிறகே அவர்களுக்கு ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2,500 யூனிட் என்ற மேல்வரம்பு வந்தது.

அளவு சரியாக இருந்தும் பலன் இல்லையென்றால், எடுக்கும் நேரத்தைக் கேளுங்கள். முதல் கவளத்தோடு ஒரு பகுதியும் நடுவில் மறுபகுதியுமாக எடுக்க வேண்டியதை, வழக்கம்போல் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பே பலர் விழுங்கிவிடுகிறார்கள். மாலைக் காபியும் வடையும் கணக்கில் வருவதேயில்லை. அமிலம்தான் தடை என்று தோன்றினால் அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்தைச் சேர்த்துப் பார்ப்பார்கள். அதற்கும் இசையாவிட்டால் சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருக்கிறதா, வேறு குடல் நோய் உண்டா என்று தேடுவார்கள். இந்த இரண்டிலும் நொதியை எத்தனை கூட்டினாலும் பயனிராது. தென்னிந்தியாவில் கணையக் கற்களோடு வரும் வெப்பமண்டலக் கணைய அழற்சி நெடுங்காலமாகவே அறியப்பட்டது, அதில் பலருக்கு நீரிழிவும் சேர்ந்தே இருக்கும். உங்கள் தந்தை இன்சுலின் போடுகிறவரானால், மாத்திரை அளவைக் கூட்டும் நாட்களில் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள். உணவு முன்னைவிட நன்றாகச் சேரும்போது சர்க்கரையும் மாறக்கூடும், இன்சுலின் அளவை மருத்துவர் திருத்த வேண்டியிருக்கும்.

கடைசியாக, மாத்திரை வீட்டில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நொதி ஒரு புரதம். வெப்பத்தில் வீரியம் குறையும். பெரும்பாலான தயாரிப்புகளின் பெட்டியில் 25 டிகிரிக்கு மிகாமல் வைக்கச் சொல்லியிருக்கும். சித்திரை, வைகாசியில் சமையலறை அலமாரியிலோ வெயிலில் நிற்கும் வண்டியிலோ அந்த வெப்பநிலை எளிதில் தாண்டிவிடும். மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கி வைத்த பெட்டி அப்படி ஓரிடத்தில் இருந்திருந்தால், எந்தப் பரிசோதனைக்கும் போகும் முன் புதிய பெட்டி ஒன்றை வாங்கிக் குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைத்து, சில வாரங்கள் சரியான நேரத்தில் கொடுத்துப் பாருங்கள். எடையையும் மலத்தின் தன்மையையும் தேதியிட்டு எழுதிவாருங்கள்.